முருங்கைக் கட்டோடு வந்த பச்சோந்தி

மன்னாரில் தங்கையின் கல்யாணம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு ட்ரங்குப் பெட்டியும், ஓர் உமல் ஓலைப்பை நிறையக் கருவாடும், ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டிய முருங்கைக் கொப்புகளும் இருந்தன. எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலே. அந்தக் குளிரில் முருங்கையை நட்டால் முழ உயரம் வளர்ந்து அப்படியே நின்றுவிடும். அதனால் வடக்கே லீவில் போய் வருகிறவர்கள் ஆளுக்கொரு கட்டு முருங்கை கொண்டுவருவார்கள். டாக்டரையா வீட்டுக்குக் கொஞ்சம், பெரிய கிளாக்கர் வீட்டுக்குக் கொஞ்சம், மிச்சம் எனக்கு.

குசினியில் சாக்கை அவிழ்த்தேன். ஒன்றரை நாள் ரயிலில் கிடந்ததில் இலை பாதி உதிர்ந்திருந்தது. கொப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். ஒன்று மட்டும் கனமாக இருந்தது. திருப்பிப் பார்த்தால், இலையின் நிறத்திலேயே ஒரு பச்சோந்தி, இரண்டு கையாலும் இரண்டு காலாலும் கொப்பைக் குறடு போலப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றக் கண் அடுப்பைப் பார்த்தது.

பயத்தில் கொப்பைக் கீழே போட்டேன். அது வாயைத் திறந்து ஒரு சீறல் சீறியது. பிறகு கொப்போடு எடுத்து யன்னல் கம்பியில் சாத்தி வைத்தேன். காலையில் வெளியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். காலையில் யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் சுவர் போல நின்றது. மன்னார் வெயிலில் பிறந்த உயிரை அதற்குள் எப்படித் தள்ளுவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

நான் அந்தத் தோட்டத்தின் மருத்துவச்சி. வந்து நாலு வருடமாகியிருந்தது. வயது முப்பத்தொன்று, கல்யாணமாகவில்லை. தங்கையின் கல்யாண வீட்டில் எனக்குக் கொடுத்த வேலை பலகாரத் தட்டுகளை எண்ணுவது. மணவறைப் பக்கம் போகாமல் இருக்க அது வசதியாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எல்லாரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதுதான் எனக்கு வலித்தது.

என் குவாட்டர்ஸ் டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு மேட்டில் தனியாக இருந்தது. மேலே உத்தியோகத்தர் வீடுகள், கீழே தொழிலாளர் லயங்கள், நடுவில் நான். மேல்வீட்டுப் பெண்கள் குடும்பகாரிகள். ஒற்றைப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்துப் பேச அவர்களுக்குத் தோன்றவில்லை. லயத்துப் பெண்கள் நோக்காடு வந்தால் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறந்ததும் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு நாளில் நான் நூறு வார்த்தை பேசியிருந்தால் அதில் எண்பது 'மூச்சை இழுத்து விடு' என்பதாக இருக்கும்.

பச்சோந்தி யன்னல் திரைக் கயிற்றைத் தன் இடமாக்கிக்கொண்டது. ஓர் அடி எடுத்து வைக்குமுன் முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆடிப் பார்க்கும். முதல் நாள் யன்னலில் வந்த ஈயை அது பிடித்ததைப் பார்த்தேன். உடம்பு நீளத்துக்கு நாக்கு வெளியே போய்த் திரும்பியது. கையைத் தட்டிவிட்டேன். அந்த வீட்டில் நான் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு லயங்களுக்குப் போகும்போதெல்லாம் பஞ்சு வைக்கிற சிறிய தகரப் பேணி ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். தேயிலைச் செடிகளின் ஓரத்தில் வெட்டுக்கிளி இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைப் பிடிப்பேன். மேலே நிரையில் நின்று கொழுந்து எடுக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு இதைப் பார்ப்பார்கள். வெள்ளைச் சேலை கட்டிய மருத்துவச்சி தத்துவெட்டி பிடிப்பதைப் பார்த்தால் யார்தான் வேலையை நிறுத்தமாட்டார்கள்?

மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், அது நன்றாகத் தின்றது. நாளைக்கு ஐந்து, ஆறு. நானும் அந்த நாட்களில் வேளைக்குச் சமைத்தேன். சமைக்கும்போது அதனோடு பேசுவேன். பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேசும்போது ஒரு கண்ணாவது என் பக்கம் திரும்பும்.

ஐப்பசி மழை தொடங்கியது. மத்தியானத்துக்கு மேல் வானம் இருண்டு மாலை வரை கொட்டும். மழை விட்டால் மூட்டம். அந்த நாட்களில் ஒரு காலை, நான் அதன் முன்னால் நீட்டிய வெட்டுக்கிளியை அது பார்த்தது. நாக்கை நீட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசியில்லை போலும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வெட்டுக்கிளி அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது. அது அசையவில்லை. உடம்பு பச்சை போய்க் கறுப்பும் சாம்பலுமாக மாறியிருந்தது. கண்கூடு உள்ளே குழிந்திருந்தது. வாந்தி பேதியில் கிடக்கிற பிள்ளைகளின் கண் அப்படித்தான் குழியும். அதனால் பயந்துபோனேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அது கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இதற்குள் லயங்களில் பேச்சு பரவியிருந்தது. மருத்துவச்சி பச்சோந்தி வளர்க்கிறாளாம், அதைத் தொட்ட கையோடு வயிற்றைத் தொடுகிறாளாம், அதன் பார்வை பட்டால் பிள்ளை மாறுகண்ணோடு பிறக்குமாம். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. மாதம் தவறாமல் வந்த பெண்கள் வராமல் நின்றார்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மழையென்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை டிஸ்பென்சரியில் கத்தரிக்கோல்களை அவித்துக்கொண்டிருந்தேன். மூட்டத்துக்குள்ளே கீழ்லயத்திலிருந்து ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. முதல் அழுகைக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. கோபமும் ஆச்சரியமும் கலந்த சத்தம். அந்த லயத்தில் யாருக்கு நாள் கிட்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஏழு மாதமாக நான் பார்த்து வந்த தலைப்பிள்ளைக்காரி. என்னைக் கூப்பிடவில்லை.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவளுடைய லயக் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் புருஷன் நின்றான்.

"திடீர்னு வந்திருச்சுங்கம்மா. கூப்புட நேரமில்ல. பக்கத்துக் காம்பரா பெரியாயிதான் பாத்துக்கிட்டாங்க" என்றான். நிலத்தைப் பார்த்தே சொன்னான்.

"பரவாயில்லை. கொடி அறுத்த இடத்தை ஒருக்கால் பாத்திட்டுப் போறன்."

அவன் வழி விட்டான். உள்ளே அவள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். நான் குனிந்ததும் முந்தானை நுனியை எடுத்துப் பிள்ளையின் கண்களை மூடினாள்.

"கண்ண மட்டும் மூடிக்கிறேங்கம்மா. கோவிச்சுக்காதீங்க."

தொப்புள் சுத்தமாகத்தான் இருந்தது. மருந்துப் பொடி போட்டுக் கட்டினேன். நன்றாகப் பால் கொடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மேட்டில் ஏறும்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பாதையில் நின்று மூச்சு வாங்கினேன். ஏற்றத்தால் மட்டும் அல்ல.

அன்று மாலை டாக்டரையா என்னைக் கூப்பிட்டார். அவர் உண்மையில் டாக்டர் அல்ல, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"பிள்ளை, உதென்ன சீவனை வீட்டுக்கை வச்சிருக்கிறீர்?"

"பச்சோந்தி ஐயா. முருங்கைக் கட்டோட வந்திட்டுது."

"வந்தா விடுறதுதானே. கங்காணி வந்து முறையிட்டுப் போறான். சனம் உம்மட்டை வராமல் விட்டா நாளைக்கு ஒரு தாயோ பிள்ளையோ போகும். அது ஆற்றை தலையிலை விழும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. "அது சாப்பிடுறேல்லை ஐயா. ஒன்பது நாளாச்சு. ஒருக்கால் வந்து பாப்பீங்களோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஊருக்குப் போய் வந்ததிலையிருந்து நீரும் மெலிஞ்சுபோனீர்" என்றார். "கொண்டுபோய் விடும் பிள்ளை."

மறுநாள் விடிந்ததும் கொப்போடு எடுத்துப் போனேன். டிஸ்பென்சரிக்குப் பின்னால் கவ்வாத்து வெட்டாமல் விட்ட பழைய தேயிலைச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றன. அதில் ஒன்றின் நடுக்கிளையில் விட்டேன். அது கிளையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது. போ என்றேன். போகவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் வேலை செய்யப் பார்த்தேன். பதிவுப் புத்தகத்தில் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதினேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் போய்ப் பார்த்தேன். விட்ட இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. நிலக்கரி போலக் கறுத்திருந்தது. தொட்டேன், கல்லின் குளிர். செத்துவிட்டது என்று நினைத்தபோது அதன் தொண்டை அசைந்தது. மூட்டம் இலை நுனியில் துளியாகச் சேர்ந்து நின்றது. அது மெதுவாக, மிக மெதுவாக, தலையை நீட்டி அந்தத் துளியை வாயால் எடுத்தது. பிறகு அடுத்த இலைத் துளி. பத்துப் பன்னிரண்டு துளி குடித்தது.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, குடிக்கவில்லையே என்று நாள் கணக்காகக் கோபித்துக்கொண்டது நான்தான். நின்ற தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியவில்லை. இலையில் தொங்கினால்தான் குடிக்கும்.

அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டாக்டரையாவிடம் சொல்லவில்லை. அடுப்புக்குக் கொஞ்சம் எட்டத் தள்ளி, புகை போகாத மூலையில், வெந்நீர் நிரப்பிய மருந்துப் போத்தல் இரண்டைத் துணியில் சுற்றி வைத்து அதற்கு மேலே கொப்பைக் கட்டினேன். தினம் இரண்டு வேளை பஞ்சை நனைத்து இலைகளில் துளி விட்டேன். இரண்டு நாளில் கண்குழி நிறைந்தது. ஆனால் தின்னவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கும் கல்சியக் குளிசையைத் தூளாக்கி, மீனெண்ணெயில் ஒரு துளி கலந்து, கோபத்தில் அது வாயைத் திறக்கும்போது உள்ளே விட்டேன். பாதி விழுங்கியது. பாதி என் கையில் வடிந்தது.

பிறகு புதிதாக ஒன்று தொடங்கியது. ஒருபோதும் நிலத்துக்கு இறங்காத அது கொப்பிலிருந்து இறங்கித் தரையில் அலைந்தது. சுவர் மூலைக்குப் போய்ச் சீமெந்தைக் கையால் சுரண்டும். தூக்கி மேலே விட்டால் மறுபடி இறங்கும். வயிறு வேறு வீங்கியிருந்தது. சாகப்போகிற மனிதர்கள் சிலர் கடைசி நாட்களில் படுக்கை விரிப்பைச் சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். மேல்மலையில் கொழுந்து எடுக்கிறவள், ஆறாம் பிரசவம், ஏழு மாதம். கால் வீங்கியிருக்கிறது என்று வந்தாள். டிஸ்பென்சரி பூட்டியிருந்ததால் நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் வாசலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள அது இருக்கு. தெரியுமோ உனக்கு?"

"தெரியும்மா. அதுக்கென்ன?"

"பயமில்லையோ?"

"எனக்கு ரெண்டு செத்தே பொறந்துச்சு" என்றாள். "அப்ப எந்த ஓணானும் என்னையப் பாக்கல." கொழுந்துக் கூடையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அவளை உட்கார வைத்துக் காலை அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த குழி கொஞ்ச நேரம் நின்றது. உப்பைக் குறை, காலை உயர்த்திப் படு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சோந்தி சீமெந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா இப்புடிப் பண்ணுது?"

"நாலு நாள். சாப்பிட்டு மூண்டு கிழமையாகுது. என்ன வருத்தமெண்டு விளங்கேல்லை."

அவள் கிட்டே போய்க் குந்திப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீங்க மருத்துவச்சிதானே? வவுத்தப் பாருங்க. இது புள்ளத்தாச்சிம்மா!"

"என்ன?"

"முட்ட வச்சிருக்கு. எடம் தேடுது. பங்களாத் தோட்டத்துல ஓணான் இப்புடித்தான் மண்ணத் தோண்டித் தோண்டிப் பாக்கும், நான் பாத்திருக்கேன். இங்க சீமெந்துத் தரையில அது எங்கன போயி வைக்கும்?"

நான் பச்சோந்தியைக் கையில் எடுத்தேன். அது சீறியது. இரண்டு விரலால் வயிற்றை மெல்லத் தடவினேன். பயறு மணிகள் போல உருண்டை உருண்டையாக, இரண்டு பக்கமும், வரிசையாக. எத்தனை வயிறுகளை இந்த விரல்களால் தடவிப் பார்த்திருப்பேன்! தலை எங்கே, முதுகு எங்கே, எத்தனை மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. நோய் என்று முடிவு கட்டி மீனெண்ணெய் ஊட்டியிருக்கிறேன்.

என் முகத்தில் என்ன கண்டாளோ, அவள் சிரிப்பை நிறுத்தினாள். "மண்ணு வேணும்மா" என்றாள்.

மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டி எடுத்தேன். அவள் அந்த வயிற்றோடு வெளியே போய்த் தேயிலைத் தூரிலிருந்து மண் அள்ளி வந்தாள். கல் பொறுக்கி, ஆற்றுமணல் கொஞ்சம் கலந்து, கையில் பிடித்தால் பிடி நிற்கிற ஈரத்துக்குத் தண்ணீர் தெளித்தோம். அடுப்படியில் வைத்துச் சூடு ஏறவிட்டுப் பச்சோந்தியை அதில் இறக்கினோம். அது மண்ணைப் பார்த்தது. ஒரு கையால் தொட்டுப் பார்த்தது. பிறகு தோண்டத் தொடங்கியது.

நடுப்பகலில் தொடங்கியது மூன்று மணிக்கும் முடியவில்லை. தலை, தோள் என்று உள்ளே போய் வால் மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அரைநாள் பெயர், அரைநாள் சம்பளம், போய்விடும். போகச் சொன்னேன். போகவில்லை.

"தின்னாம கெடந்தது அதுக்குத்தான். வவுத்துல எடமில்ல" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். அதில் வெந்நீர்ப் பானை மட்டும் இருந்தது. "அது சாப்புடல, சாப்புடலைன்னு சொன்னீங்க. நீங்க என்னத்தச் சாப்புட்டீங்க?"

"காலமை சாப்பிட்டனான்."

"பொய்யி" என்றாள். எழுந்து போய்க் கொழுந்துக் கூடையின் அடியில் துணியில் கட்டி வைத்திருந்த ரொட்டியை எடுத்து வந்தாள். பாதியைப் பிய்த்து மிளகாய்ச் சம்பலோடு என் கையில் வைத்தாள். சுட்டுப் பல மணி நேரமான கோதுமை மா ரொட்டி, தோல் போலக் கிடந்தது. எனக்குக் கண் கலங்கியது. சம்பல் உறைப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு அது பின்பக்கமாகத் திரும்பிக் குழிக்குள் இறங்கியது. இருட்டுவதற்குள் முடிந்தது. கைகளால் மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்து மிதித்து அழுத்தியது. எல்லாம் முடித்து மேலே வந்து கிடந்தபோது பக்கவாட்டில் தட்டையாக, காலியான உறை போல இருந்தது. இலையில் துளி விட்டேன். நெடுநேரம் குடித்தது. மறுநாள் மத்தியானம் ஒரு சின்ன வெட்டுக்கிளியைக் காட்டினேன். நாக்கு போய் வந்தது. எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. கதவைத் திறந்து, சொல்ல யாராவது போகிறார்களா என்று பார்த்தேன். பாதையில் மழைதான் இருந்தது.

தகரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சூடு படும் இடத்தில் வைத்து மேலே சாக்கைப் போட்டேன். கிழமைக்கொரு தடவை தண்ணீர் தெளித்தேன். முட்டை பொரிக்க எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அது பிழைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மார்கழிக் குளிர் வந்ததும் மறுபடி தீன் குறைந்தது. நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. நடக்கும்போது முன்கை ஒன்று வளைந்து போனது. எலும்பு மிருதுவாகிவிட்டது. வெயில் காணாத பிள்ளைகளுக்குக் கால் வளைவதைப் போல. கல்சியமும் மீனெண்ணெயும் இருந்தன. அதற்கு வேண்டியது எங்கள் ஊர் வெயில். அந்த வெயிலைப் போத்தலில் யாரும் கொண்டுவர முடியாது.

நத்தார்ப் பண்டிகையோடு மன்னார் போய்வர ஐந்து நாள் லீவு கேட்டேன். டாக்டரையா கையெழுத்துப் போட்டார். "அதையும் கொண்டு போறீர் போல" என்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. "அது நல்லது" என்று மட்டும் சொன்னார்.

புறப்படுகிற நாள் காலை பனையோலைப் பெட்டியில் பஞ்சு பரப்பி, மூடியில் துளை போட்டு, அதை உள்ளே வைத்துக் கட்டினேன். சேலை மாற்றியாகிவிட்டது. பத்து மணி ரயில். வாசலுக்கு வந்தபோது கீழே இருந்து ஒரு மனிதன் ஓடி வந்தான். எனக்கு மண் அள்ளித் தந்தவளுடைய புருஷன்.

"அம்மா, தண்ணி ஒடைஞ்சிருச்சு. இன்னும் மாசம் ஆகலைங்க. உங்களத்தான் கூட்டிட்டு வரச் சொன்னா. பெரியாயி வந்தாங்க, வேணாமுன்னு சொல்லிட்டா."

ஓலைப்பெட்டி என் கையில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு நிமிடமும் இருக்காது. பெட்டியை அடுப்படியில் வைத்தேன். பிரசவப் பையை எடுத்தேன்.

பிள்ளை பகல் ஒரு மணிக்குப் பிறந்தது. சின்னப் பிள்ளை, நீலமாக, சத்தமில்லாமல் வந்தது. வாயைத் துடைத்து, காலைப் பிடித்துத் தட்டி, என் வாயால் ஊதினேன். காம்பராவில் எல்லாரும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். அவள் மட்டும் படுத்தபடி, "அழு, அழுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அது அழுதது. பூனைக்குட்டிச் சத்தம்தான், ஆனால் அழுகை. துணியில் சுற்றி, வெந்நீர்ப் போத்தல்களுக்கு நடுவில் வைத்தேன். ஐந்து நாள் அந்தப் பிள்ளைக்கு நான் கிட்டே இருக்க வேண்டியிருந்தது. சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்ட வேண்டியிருந்தது. லீவு அதிலேயே போனது.

நத்தாருக்கு மறுநாள் வீட்டுக்கு வந்து பார்த்தபோது பச்சோந்தி திரைக் கயிற்றில் இருந்தது. பிள்ளை பிறந்த அன்றிரவு துணி எடுக்க வந்தபோது நான்தான் பெட்டியிலிருந்து எடுத்து அங்கே விட்டிருந்தேன். நிறம் வெளுத்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே செத்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் அழவில்லை. அன்று முழுதும் அந்த வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது மட்டும் நினைவிருக்கிறது.

அது செத்தது லயங்களுக்குத் தெரிந்ததும் பெண்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். முந்தானையால் கண்ணை மூடியவளும் அம்மைப்பால் குத்தப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். நல்ல நேரான கண்கள். என்னைப் பார்த்துச் சிரித்தது.

தகரத்தை வைகாசி வரை வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மலைக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க? தொறந்து பாத்துருவோம்" என்றாள். கையால் மண்ணைத் தோண்டினோம். இருபத்திரண்டு முட்டைகள். பெரும்பாலும் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் பருத்திருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே நகக்கண் அளவில் ஓர் உருவம், வாலைச் சுருட்டிக்கொண்டு, உயிரில்லாமல் இருந்தது.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "இவ்வளவு தூரம் வந்திருக்கு" என்றாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். செத்துப் பிறந்த அவளுடைய இரண்டு பிள்ளைகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

குளிர்தான் அதைக் கொன்றதா, சத்தில்லாமையா, அந்த மூன்று கிழமை நான் காரணம் தெரியாமல் அலைக்கழித்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரயிலைப் பிடித்திருந்தால் பிழைத்திருக்குமா என்பதும் தெரியாது. அன்றைக்குப் பெட்டியை வைத்துவிட்டுப் பையை எடுத்ததற்காக நான் வருந்தியதில்லை. ஆனால் அதை நினைக்காமல் இருந்ததும் இல்லை.

அவள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். பத்து நிமிடம் இருப்பாள். பிள்ளைகள், தண்ணீர், விறகு என்று அவளுக்கு நேரமில்லை. மற்ற நாட்கள் எப்போதும் போலப் போயின. நாலு வருடத்துக்குப் பிறகு என்னைத் திம்புள்ளப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். நான் போன நாள் கொழுந்து அதிகமான நாள், யாருக்கும் மலையை விட்டு வர முடியவில்லை. சாமான்களோடு லொறியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மேல்மலை வளைவில் பெண்கள் நிரையில் நின்றார்கள். எல்லாருக்கும் இடுப்பில் ஒரே படங்குச் சாக்கு, முதுகில் ஒரே கூடை, தலையில் ஒரே மாதிரித் துணி. அவள் எவள் என்று தெரியவில்லை. பொதுவாகக் கையைக் காட்டினேன். மூன்று நாலு பேர் திருப்பிக் கை காட்டினார்கள்.